திருப்பிப் போட்ட பிளக்

இன்று காலை மகளின் கைபேசிக்குச் சார்ஜ் ஏறவில்லை. நான் சார்ஜரின் முனையைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன். "அம்மா, இப்ப வர்றதெல்லாம் எப்படிப் போட்டாலும் ஒண்ணுதாம்மா" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. உன் நினைவு வந்துவிட்டது.

தோழிகளான நமக்குள் பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு பிளக் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அறுபத்து நான்கு ஐப்பசி. டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, நம்மில் யார் இங்கே இலங்கையில் இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று ரேடியோவில் சொல்லப்போகிறார்கள் என்று தோட்டமே பதறிக் கிடந்தது. நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கரண்டு ஏது? தேயிலை அரைக்கும் ஸ்டோரில்தான் விளக்கு எரியும். மஸ்கெலியா டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா மனமிரங்கித் தன் ரேடியோவைக் கொடுத்தார். சும்மாடு கட்டி நீயும் நானும் மாற்றி மாற்றிச் சுமந்து வந்தோம்.

ஸ்டோரில் நாம் தேயிலைத்தூளில் காம்பு பொறுக்கும் மேசைமேல் அதை வைத்தார்கள். ஸ்டோர் இஞ்சினை ஓட்டும் டிரைவர் அண்ணன் ஸ்டூலில் ஏறி, பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில் ரேடியோவின் பிளக்கை மாட்டினார். உள்ளே வால்வுகள் சிவந்தன. சத்தத்தை மட்டும் காணோம். பிளக்கின் முனைகளைக் கத்தியால் சுரண்டினார். அதைத் திறந்து, வயரை நறுக்கிப் புதிதாக முறுக்கினார். ம்ஹூம். "டவுன்ல பாடுனது இங்க ஊமையாயிருச்சே. வழியில எங்கயாச்சும் கீழ போட்டீங்களா?" என்று நம்மீது பாய்ந்தார்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த நீ என் காதில் சொன்னாய்: "சாவி ஏறலன்னா திருப்பிப் போட மாட்டமா? அதத் திருப்பி மாட்டச் சொல்லு புள்ள." ஆண்கள் நடுவில் வாய் திறக்க உனக்குக் கூச்சம். நான்தான் உரக்கச் சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், போ" என்றார் அண்ணன்.

"திருப்பித்தான் போடுங்களேன். கை தேஞ்சா போயிரும்?"

திருப்பினார். ரேடியோ பேசியது.

நம் ஸ்டோர் டைனமோவின் கரண்டு ஒரே திசையில் ஓடுவது, அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உண்டு, டவுன் கரண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை என்றெல்லாம் ரொம்ப நாள் கழித்து ஒரு ரேடியோக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதெல்லாம் தெரியாமலே உனக்குத் தோன்றியிருந்தது. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா என்னைப் பார்த்து "கெட்டிக்காரிதான்" என்றபோது நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

ஐந்தே கால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சப் பேரைப் பிறகு பார்ப்பார்கள் என்றது செய்தி. "திருப்பி அனுப்புறாங்களாம்" என்று யாரோ முனகினார்கள். "நாம எப்பங்க அங்கருந்து வந்தோம், திருப்பி அனுப்ப?" என்று நீ கேட்டாய். அதற்கு மட்டும் உனக்கு வாய் திறந்தது.

லயத்துக்கு ஏறும்போது கேட்டாய்: "நான்தான் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ஒனக்கு வாய் இல்லையா?" என்றேன்.

அவ்வளவுதான். அது வாரமாயிற்று, மாதமாயிற்று, வருஷமும் ஆயிற்று. ஒரே மேசையில் எதிரெதிரே காம்பு பொறுக்கினோம். நீ இரண்டு தடவை பேச வந்தாய். திமிர் எனக்குத்தான்.

பிறகு இங்கேயா இந்தியாவா என்று விண்ணப்பப் பாரம் நிரப்பும் நாள் வந்தது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனுஷர் அல்ல. மேசையில் இரண்டு கட்டுப் பாரங்கள், ஒன்று இந்தியாவுக்கு, ஒன்று இலங்கைக்கு. "ஊர் எது பிள்ளை?" என்று கேட்டார். நம் ஆட்களிடம் ஊர் என்று கேட்டால், பாட்டன் கப்பலேறுமுன் விட்டு வந்த ஊரைத்தானே சொல்வோம்? லயத்திலேயே பிறந்த நீயும் "முசிறிப் பக்கங்க" என்றாய். கண்ணால் பார்த்திராத முசிறி. போக விரும்புகிறாய் என்று எண்ணி, அவர் இந்தியப் பாரத்தை இழுத்தார்.

உனக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், ஐந்தாம் வகுப்புப் படித்தவள். பெருவிரலில் மை தடவிய பிறகு, பதிக்குமுன் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அது எந்தப் பாரம் என்று உன் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

போன மாதம் உன் மகன் எழுதியிருந்தான், நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று. முசிறியில் கடைசி வரை உன்னை 'சிலோன்காரி' என்றுதான் கூப்பிட்டார்களாம். அழுதேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது உன்னிடம் சொல்கிறேன். அன்று உனக்கு அடுத்து என் முறை. என் நாக்கிலும் பாட்டன் ஊர்தான் இருந்தது. உன் பாரம் எந்தக் கட்டில் போய் விழுந்தது என்று பார்த்த பிறகுதான் பதிலை மாற்றிக்கொண்டேன்.

"ஊர்?" என்றார் ஐயா.

"இந்தத் தோட்டந்தாங்க" என்றேன்.