முள் ஏறாத ஷூ

ஜூன் 14, சனி

திங்கட்கிழமை முதல் எனக்குச் சிவகிரி மலையில் செடிகளைக் கணக்கெடுக்கும் வேலை. எடை குறைந்த, பாறையில் வழுக்காத ஷூ வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். சங்கரன்கோவில் கடைக்கு அப்பாவும் வந்தார். ஆடுகளை அடைத்துவிட்டு அப்படியே வந்தவர், டயர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

நான் பளபளப்பான ஒன்றை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வேறொன்றைக் கையில் ஏந்தி எடை பார்த்தார், வளைத்துப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த முள்வாங்கியை எடுத்து அதன் அடியில் அழுத்திக் குத்தினார்.

"புது ஷூவ என்ன வே செய்யுதீரு?" என்று கடைக்காரர் ஓடிவந்தார்.

"ஒடமுள்ளு ஏறுதான்னு பாக்கேன் அண்ணாச்சி. இதுல ஏறாது."

கடையிலிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "ஒங்க அப்பாவாம்மா?" என்று கேட்டார்.

நான் குனிந்து, கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

"எங்க தெருப் பிள்ளை. தொணைக்கு வந்தேன்" என்றார் அப்பா.

அவர் குத்திப் பார்த்ததையே வாங்கினேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் ஷூவைப் போட்டு நடந்தேன். காலில் இருப்பதே தெரியவில்லை.

"கடிக்குதா மக்கா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சமும் கோபமில்லை.

"இல்லப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். கடையில் சொல்லாத அந்த 'அப்பா' இப்போதும் வரவில்லை; தலையை மட்டும் ஆட்டினேன்.