குழிக்குள் இருந்த கால்கள்

என் அருமை அண்ணிக்கு,

நீங்கள் கண்ணை மூடி இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம். இந்த வருஷமும் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் மறுபடி தண்ணீர் ஊறுகிறது. அண்ணன் காலையில் வாளியோடு இறங்கினார், பாதியில் நிறுத்திவிட்டு உங்களைத் தேடுவதுபோல வாசலைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பத்திரிகையில் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். எங்கள் பட்டுத்தறிகள் தரையில் வெட்டிய குழியின்மேல் நிற்பவை. நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு மிதித்துத்தான் நெய்ய வேண்டும். குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி கிடையாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த அந்த மழை ஞாபகம் இருக்கிறதா அண்ணி? நான் வேலூர்க் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். நம் வீட்டு இரண்டு தறியும் நின்றுபோயின. ஒன்றில் நீங்களும் அண்ணனும் நெய்வீர்கள், இன்னொன்றில் கூலிக்கு நெய்தவர் பக்கத்துத் தெரு ஆரோக்கியம் அக்கா.

நனைந்த தறிக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. தறி யார் வீட்டில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பணம். இரண்டு குழிக்கும் சேர்த்து நம் கைக்கே வந்தது. என் கட்டணத்துக்கு அது அப்படியே சரியாக இருந்தது. சாமியே பார்த்து அனுப்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்களோ அன்றைக்கே பாதியை முந்தானையில் முடிந்துகொண்டு ஆரோக்கியம் அக்கா வீட்டுக்குக் கிளம்பினீர்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று உங்களுக்குத் தெரியும். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். தறி நம்முடையது, குழி நம்முடையது, சட்டப்படி பணமும் நம்முடையது என்று கத்தினேன். நாத்தனார் முறுக்கு கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

“குழி நம்பளதுதான் வசந்தா, யாரு இல்லன்னா? ஆனா குழிக்குள்ள இருந்த காலு யாருது?”

நான் வழிவிட்டேன், நீங்கள் போய்ப் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கட்டணம் கட்டாவிட்டால் என் பேரை எடுத்துவிடுவார்களே, அந்தப் பயம் எனக்கு. நியாயம் பார்க்க என் படிப்புதான் கிடைத்ததா என்று உங்களோடு முகம் கொடுத்தே பேசவில்லை.

அடுத்து நீங்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நீங்கள், இடுப்பில் குழந்தை குமாரோடு, என்னையும் இழுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினீர்கள். கல்லூரி ஆபீஸில் கட்டணம் வாங்குகிற அம்மாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

“போன வருஷத்துக்கு இந்த வருஷம் துட்டு ஏத்தி வச்சிகிறீங்களே, பாடமும் ஜாஸ்தியா சொல்லித் தர்றீங்களா?”

நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த அம்மா சிரித்து ஓய்ந்த பிறகு, அரசாங்கம் மாணவர்களுக்குக் கடனாகப் பணம் தருகிறது, வேலை கிடைத்ததும் தவணையில் கட்டலாம் என்று சொன்னார். அது வரும்வரை அவகாசமும் கொடுத்தார். அப்படி ஒன்று இருப்பதே நம் தெருவில் யாருக்கும் தெரியாது. நீங்கள் வாய்விட்டுக் கேட்டதால் நான் பட்டதாரி ஆனேன்.

போளூரில் அரசாங்க வேலை கிடைத்ததும் மாதாமாதம் கட்டினேன். தீபாவளிக்குப் புடவை எடுக்காமல்கூடக் கட்டினேன், பட்டு நெய்கிற வீட்டுப் பெண்! இந்த ஆடியில் கடைசித் தவணையும் முடிந்தது. சொல்லிக் குதிக்க நீங்கள் இல்லை.

இப்போது கதையைக் கேளுங்கள். படிப்புக் கடனில் பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தள்ளுபடி வரப்போகிறதாம். எங்கள் ஆபீஸே கொதிக்கிறது. கட்டாதவனுக்குச் சலுகை, கட்டினவனுக்குப் பட்டை நாமமா என்று தலைமைக் குமாஸ்தா சபாபதி சார், தள்ளுபடியே கூடாது என்று ஒரு மனு எழுதிவிட்டார். முதல் கையெழுத்துக்கு என்னிடம்தான் வந்தார். ஒரு தவணைகூடத் தவறாதவள் நான்தானே? எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது அண்ணி. நாளைக்குப் போடுகிறேன் என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஆரணி பஸ்ஸில் ஸ்டெல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆரோக்கியம் அக்காவின் மகள்தான். அவளும் அதே கடன் வாங்கித்தான் பி.ஏ. முடித்தாள். வேலைதான் வரவில்லை. போளூரில் ஒரு மண்டியில் கணக்கெழுதி வருகிற காசு, பஸ்ஸுக்கும் அரிசிக்கும் சரியாகப் போகிறது. கடனைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்த வண்ணம் இருக்கிறது. தள்ளுபடி நிஜம்தானா என்று கேட்டாள்.

“வேல கெடச்சா கட்டாம ஓடிடுவேனாக்கா?”

என் மடியில் பை, பைக்குள் மனு. ஊர் வந்து சேரும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மனுவைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்றார் சபாபதி சார். நான் குழியை விட்டு ஏறி வந்துவிட்டேன் சார், என் கால் காய்ந்துவிட்டது, இன்னும் தண்ணீரில் நிற்கிறவர்களுக்குத்தானே கொடுக்கிறார்கள் என்றேன். காலுக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

கையில் காசை வைத்துக்கொண்டே கட்டாதவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்கும் போவது நியாயமா? நீங்கள் இருந்திருந்தால் இதைச் சண்டை போட்டே கேட்டிருப்பேன்.

இடுப்பில் இருந்த குமார் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகிறான். கட்டணம் மறுபடி ஏறியிருக்கிறது. நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். இந்தத் தடவை தூணுக்குப் பின்னால் நிற்க மாட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாடமும் ஜாஸ்தியா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். உங்கள்மேல் சத்தியம்.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் நாத்தனார்,
வசந்தா
ஆரணி