முகமூடிக்குக் கீழே ஒரு பிஸ்மி

ஜூலை 5, சனி

டண்டினொங் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு நோபல் பார்க் மண்டபத்துக்குப் போனோம், நானும் என் மனைவி சபூராவும். சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு மேட்னி பார்க்கப் போகிற இறைச்சிக்கடைக்காரன் இந்த மெல்பேர்னில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன இரண்டு குளிர்காலமும் இதே பைத்தியம்தான். ஐடி வேலை பார்க்கும் சுதர்சன் என்ற தமிழ்நாட்டுப் பையன், பழைய கறுப்பு வெள்ளை முகமூடி வீரன் தொடர்களைக் கிழமைக்கு ஒரு பாகமாகப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு பாகமும் வீரன் சாகப்போகிற இடத்தில் நின்றுவிடும். அடுத்த சனிக்கிழமை பார்த்தால், வண்டி மலையிலிருந்து விழுமுன்பே அவன் குதித்திருப்பான். போன கிழமை இதைக் காட்டவே இல்லையே என்று யாராவது முணுமுணுத்தால் மண்டபமே சேர்ந்து அவரை அடக்கும். ஏமாற்று என்று எல்லோருக்கும் தெரியும். ஏமாறுவதற்குத்தானே கால் கடுக்க வரிசையில் நின்று உள்ளே போகிறோம்?

இந்த வருஷம் சுதர்சன் தானே ஒரு தொடர் எடுக்கிறான், எட்டுப் பாகம். இன்று முதலாவது. கறுப்புக் குதிரை, கறுப்புத் தொப்பி, அதற்குள் தலையைச் சுற்றிக் கட்டிய கறுப்புத் துணி, கண்களில் முகமூடி. வீரன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. யாரென்பது கடைசிப் பாகத்தில்தான் தெரியவருமாம்.

எனக்கு இப்போதே தெரியும். அது என் மகள் ஹனான். பகன்ஹாம் பக்கத்துக் குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறாள். படம் எடுப்பதும் அங்கேதான். வெளியில் மூச்சு விடக்கூடாது என்று சுதர்சன் எங்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறான். இங்கே எழுதியாவது வைக்கிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

ஜூலை 8, செவ்வாய்

கடைக்கு வழமையாக வருகிற ஜெயரட்ணம் வந்தார். ஆட்டிறைச்சி வெட்டி முடியும்வரை முகமூடி வீரன் கதைதான். “உது ஒரு வெள்ளைக்காரன்தான் மூஸா. எங்கட ஆக்கள் உப்பிடிக் குதிரை ஓடமாட்டினம்” என்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தெரியாது என்றேன். கத்தி கையில் இருக்கும்போது அந்தப் பொய் வரவில்லை.

ஜூலை 19, சனி

மூன்றாம் பாகம். வண்டியும் குதிரையும் பண்ணைக் குளத்துக்குள் பாய்கின்றன, வீரனைக் காணோம், தண்ணீரில் தொப்பி மட்டும் மிதக்கிறது. அத்தோடு விளக்குப் போட்டுவிட்டார்கள். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். சபூரா சட்டையைப் பிடித்து இழுத்து, “புள்ள வீட்ட படுத்திரிக்கா, இரிங்க” என்று காதுக்குள் சொன்னாள்.

அந்தக் காட்சி எடுத்த நாள் ஹனான் தோள் கன்றிப்போய் வந்தாள். எங்கே விழுந்தாய் என்று கேட்டதற்கு, விழவில்லை, விழுத்தினார்கள் என்று சிரித்தாள். மண்டபம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததே, அது என் பிள்ளைக்காக. பெருமையாக இருக்கிறது. வேறு சொல் தேடவில்லை.

ஜூலை 21, திங்கள்

சுதர்சன் கடைக்கு வந்தான். கடைசிப் பாகத்தைப் பற்றிச் சொன்னான். முகமூடியைக் கழற்றும்போது தெரியப்போகிற முகம் முரளிதரனுடையதாம். ஊர் வாத்தியாராக நடிக்கிறவர். கதைப்படி வாத்தியார்தான் வீரனாம்.

“பழைய தொடர்ல எல்லாம் அப்படித்தான் அங்கிள். ஓட்டுறவங்க ஒருத்தர், முகம் காட்டுறவங்க ஒருத்தர்.”

முரளிதரன் நல்ல மனிதர். ஆனால் ஸ்டூல் போட்டுத்தான் குதிரையில் ஏறுவார், ஏறினால் கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்வார். அவர் முகமூடியைக் கழற்றிக் கைதட்டு வாங்குவதா? தோள் கன்றினது யாருக்கு? தண்ணீருக்குள் போனது யார்? என்ட பிள்ளை இல்லையா?

ஜூலை 22, செவ்வாய்

சுதர்சனுக்குப் போன் எடுத்தேன். முகம் ஹனானுடையதாக இல்லாவிட்டால் மிச்சப் படத்துக்கு அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

ஹனானிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஜூலை 23, புதன்

கேட்டிருக்க வேண்டும்.

வேலையால் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாள். இங்கிலிஷில்தான் தொடங்கினாள், கோபம் கூடக் கூடத் தமிழுக்கு வந்தாள்.

“வாப்பா, ஆரு உங்களக் கதைக்கச் சொன்ன? எந்தக் குதிரைப் போட்டிக்குப் போனாலும் என்ட ஸ்காஃபத்தான் முதல்ல பாக்கிற. இதோட ஓடுவியா எண்டு கேக்கிற. முகமூடியப் போட்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறல்ல. நான் ஓடுறத மட்டும் பாக்கிறாங்க. அது எனக்கு வேணும்.”

நான் அவளுக்காகச் சண்டை பிடித்தேன் என்றேன். எனக்காக இல்லை, உங்களுக்காக என்றாள். சபூரா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோற்றுக்கு அரிசி கழுவினாள். யார் பக்கம் என்று விளங்கியது.

சுதர்சனுக்கு மறுபடி போன் எடுத்து, சொன்னதை மறந்துவிடு என்றேன். மானம் போனது. போகட்டும்.

ஜூலை 26, சனி

நான்காம் பாகம். இப்படி நடக்குமென்று யாருமே நினைக்கவில்லை.

வீரன் குளத்திலிருந்து தப்பி வந்து குதிரையில் ஏறுகிறான். அங்கவடியில் கால் வைக்கும்போது முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். முகமூடி கண்ணைத்தானே மூடும்? உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

எங்களுக்குப் பக்கத்தில் அம்னா, சபூராவோடு பள்ளிவாசல் பெண்கள் குழுவில் இருக்கிறவர். முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, “சபூரா, அது பிஸ்மி சொல்லுது” என்றார்.

வாகனத்தில் ஏறினாலும் சாப்பிடத் தொடங்கினாலும் அல்லாஹ்வின் பெயரை நினைத்துப் பிஸ்மி சொல்லு என்று சின்னதிலிருந்தே வீட்டில் பழக்கியது. யார் கண்டார்கள், அது குதிரை வரைக்கும் போய் எங்களைக் காட்டிக்கொடுக்குமென்று? வரிசை வரிசையாக முணுமுணுப்பு பின்னால் போனது. மெல்பேர்னில் குதிரையோடுகிற எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்? எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சுதர்சன் வீட்டுக்கே வந்துவிட்டான். எடுத்து முடித்த எந்தப் பாகத்தைப் பார்த்தாலும், அவள் ஏறும்போதெல்லாம் உதடு அசைகிறதாம். “தெரியாமச் சொல்லிட்டன்” என்று ஹனான் கதிரையில் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் இரண்டு வழி சொன்னான். உதடு அசைகிற இடங்களை வெட்டிவிடலாம். இல்லையென்றால், எப்படியும் தெரிந்துவிட்டது, முடிவை மாற்றி ஹனான் முகத்தையே காட்டிவிடலாம். நான் சண்டை பிடித்துக் கேட்ட அதே முடிவு, தட்டில் வைத்து வந்தது.

ஹனான் என்னைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்க வாப்பா என்றாள்.

முகத்தையே காட்டு என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, “வாத்தியார்ட முகமே இரிக்கட்டும், பிஸ்மிய மட்டும் வெட்டாதங்க” என்றேன்.

அவள் எழுந்துபோய் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் தேநீர்.

ஆகஸ்ட் 2, சனி

ஐந்தாம் பாகம். வீரன் அங்கவடியில் கால் வைத்தபோது பின்வரிசைப் பெண்கள் மெதுவாகப் பிஸ்மி சொன்னார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று மண்டபம் பாதி சொன்னது. என் முன்னால் இருந்த ஜெயரட்ணமும் சொன்னார். நெற்றியில் திருநீறு. என்ன கேட்கப்போகிறேன் என்று தெரிந்து, திரும்பாமலே, “அந்தப் பிள்ளை விழாம ஓடவேணுமெல்லே” என்றார். பிள்ளை என்றவர், உடனே “ஆள்” என்று திருத்திக்கொண்டார்.

எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்வதில்லை. கடையில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறைச்சி வாங்கிப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

கடைசிப் பாகம். இடம் போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். ஹனான் எனக்கும் சபூராவுக்கும் நடுவில் இருந்து பொரித்த கடலை சாப்பிட்டாள்.

முகமூடி கழன்றது. முரளிதரன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனுக்குத் தட்டுகிற அளவுக்குக் கைதட்டு வந்தது. முன்வரிசையில் இருந்த முரளிதரனே திரும்பி எங்கள் பக்கம் பார்த்துக் கைகூப்பினார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

படத்தில் வாத்தியார் மறுபடி முகமூடியைக் கட்டிக்கொண்டு குதிரைப் பக்கம் போகிறார். குதிரையிடம் போய்ச் சேரும்போது அது என் மகள். நடையில் தெரியும். அங்கவடியில் கால். மண்டபம் முழுக்க, சுவரோடு நின்றவர்களும் சேர்த்து, ஒரே குரலில் பிஸ்மி சொன்னது. ஹனான் மட்டும் சொல்லவில்லை. கடலையைப் பிடித்த கை அப்படியே நிற்க, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. குதிரை மேட்டில் ஏறி மறையும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். இந்த முறை சபூரா சட்டையை இழுக்கவில்லை, அவளும் நின்றாள்.

பெயர்கள் ஓடின. குதிரையோட்டியவர் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. அது ஹனான் கேட்டு வாங்கியது.

வெளியில் கார் நிறுத்துமிடத்தில் ஜெயரட்ணம் காத்துக்கொண்டு நின்றார். ஹனானை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

“அப்ப மூஸா, ஆர் அந்தக் குதிரைக்காரன்?”

“வாத்தியார்தானே? நீங்க படம் பாக்கல்லியா?” என்றேன்.

என் வாழ்நாளில் இவ்வளவு பெருமையாக நான் பொய் சொன்னதில்லை. ஹனான் கார்க் கதவைத் திறந்து ஏறினாள். ஏறும்போது அவள் உதடு அசைந்ததை ஜெயரட்ணமும் பார்த்தார், நானும் பார்த்தேன்.