ரக்ஷிதாவின் ஐந்து பேப்பர்

14 ஜூன் 2025, சனி

வாரம் முழுக்க ஆபீஸ். சனிக்கிழமையானால் கல்வி டிரஸ்ட் அலுவலகத்தில் ரக்ஷிதாவுக்குப் பாடம். வீட்டிலேயே முதன்முதலாக இன்ஜினியரிங் காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல மென்டர் வேண்டுமென்று கேட்டபோது உடனே கை தூக்கினேன். எங்கள் வீட்டிலும் நான்தானே முதல் இன்ஜினியர்.

இரண்டு வருஷமாகிறது. அவளுக்கு ஐந்து பேப்பர் பாக்கி. நான்குக்கு மேல் இருந்தால் மூன்றாம் வருஷத்துக்குப் போக முடியாது.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆஞ்சலாக்கா."

17 ஜூன்

அவள் அம்மா முத்தம்மா போன் செய்தார். ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பின்னால் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"பொண்ணு நல்லா படிக்குதா மேடம்?"

"நல்லா படிக்கிறா."

ஏன் அப்படிச் சொன்னேன்?

28 ஜூன்

தலைவலி. பாடத்துக்குப் போகவில்லை.

19 ஜூலை

அரியர் பேப்பர் ரிசல்ட். ஐந்தும் அப்படியே நிற்கிறது. ஒரு வருஷம் போச்சு. அவள் போன் ஸ்விட்ச் ஆஃப்.

20 ஜூலை, ஞாயிறு

கோயிலுக்குப் போகாமல் ஆஸ்டின் டவுனில் அவள் வீட்டுக்குப் போனேன். ரக்ஷிதா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. முத்தம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எனக்குப் படிப்பு தெரியாது மேடம். அதான் உங்களக் கேட்டேன்."

"படிப்ப நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"நிறுத்தறதுன்னா எதுக்கு உங்களக் கேக்கறேன்?"

அதற்குள் ரக்ஷிதா வெடித்தாள். "கிளாஸ்ல ஒண்ணும் புரியலம்மா. எல்லாரும் தலையாட்றாங்க, நானும் ஆட்டறேன்."

இரண்டு வருஷத்தில் என்னிடம் இதைச் சொன்னதேயில்லை. நான் கேட்டால்தானே? நான் நடத்திக்கொண்டே போனேன். என் முன்னாலும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

22 ஜூலை

விலகிக்கொள்கிறேன் என்று டிரஸ்டுக்கு மெயில் எழுதினேன். அனுப்பவில்லை. அனுப்பக்கூடத் தெம்பில்லை.

6 ஆகஸ்ட்

முத்தம்மா லீவு போட்டுவிட்டு மகளோடு காலேஜுக்குப் போயிருக்கிறார். துறைத் தலைவர் சேஷகிரி சாரிடம், இந்தப் பாடம் எதற்கு, இது எங்கே விட்டுப்போச்சு என்று ஒவ்வொன்றாக ஊர் மொழியான கன்னடத்தில் கேட்டாராம். ஒரு மணி நேரம். "எனக்கு வெக்கமா இருந்துச்சுக்கா" என்றாள் ரக்ஷிதா. பிறகு, "ஆனா சார் பதில் சொன்னாரு."

9 ஆகஸ்ட், சனி

கணக்கின் இரண்டாவது வரியிலேயே என்னை நிறுத்தினாள் ரக்ஷிதா. "புரியல." பின்னக் கணக்கிலிருந்து ஆரம்பித்தோம். மூன்று மணி நேரத்தில் ஒரே பக்கம். உடம்பெல்லாம் வலி.

3 பிப்ரவரி 2026

ஆபீஸில் இருக்கும்போது ரக்ஷிதா கூப்பிட்டாள். "மூணு பாஸ், ரெண்டு போச்சுக்கா. மூணாவது வருஷம் உண்டு."

"அம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

"காலையிலயே சொல்லிட்டேனே."

அப்போது சாயங்காலம் மணி நாலு.