சூட்டுக் கோட்டும் உன் மனைவியும்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் மனைவியும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

என் முழங்கால் வலி இப்போது தேவலாம். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. உன் மனைவியே வாஷர் மாற்றிவிட்டாள். என் கேன்டீன் வியாபாரத்துக்கும் குறைவில்லை. குளிர்கிடங்கு வாசலில் டீ போடுகிறவளுக்கு என்ன குறை? உள்ளே போய்விட்டு வருகிற ஒவ்வொருவனும் பல் கிடுகிடுக்க முதலில் என் முன்னால்தானே வந்து நிற்கிறான்.

சொல்ல வந்தது வேறு. போன மாதம் கிடங்கில் நடந்ததை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் தன்னைப் பற்றிச் சொல்லும்போது அவள் பாதியை விழுங்கிவிடுவாள். நான் கண்ணால் பார்த்தவள், முழுதாகச் சொல்கிறேன்.

உறைந்த சரக்கு இருக்கும் அறையில் பெட்டி ஏற்றுகிற ஆட்களுக்குப் பேட்டரியில் சூடேறும் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். முதுகுப் பக்கம் துணிக்குள்ளே சூடாகும் கம்பி, விலாப் பக்கத்துப் பையில் கையகல பேட்டரி. ஆட்கள் வைத்த பெயர் சூட்டுக் கோட்டு. காலையில் அதை மாட்டிக்கொண்டு வருகிறவர்களிடம், "சூட்டு கோட்டெல்லாம் போட்டாச்சு, பொண்ணு எங்கப்பா?" என்று கேட்பேன். தினமும் அதே கேலிதான். பாவம், தினமும் சிரிக்கிறார்கள்.

பழைய பேட்டரிகள் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன என்று மேனேஜர் புதிதாக ஒரு பெட்டி வாங்கிவந்தார். அதே அளவு, அதே நிறம். ஆனால் கோட்டு செய்த கம்பெனியின் சரக்கு இல்லை, வேறு யாரோ செய்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்கள் நடுங்கக் கூடாதே என்று அவசரத்தில் வாங்கியதுதான்.

ஒரு நாள் காலை ஷிப்ட் நடுவில் டீ குடிக்க ஒட்டகம் வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்ததால் அந்தப் பட்டப்பெயர் பெற்ற லோடுமேன், நீகூட அவனைப் பார்த்திருக்கிறாய். விலாவைத் தேய்த்துக்கொண்டே, "இன்னிக்குக் கோட்டு நல்லா வேலை செய்யுது, இந்தப் பக்கம் அப்படியே சுடுது" என்றான். உன் மனைவிதான் அந்த ஷிப்டுக்கு சூப்பர்வைசர். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து, "கழட்டு" என்றாள். டீயைக் குடித்துவிட்டுக் கழற்றுகிறேன் என்றான். "டீ எங்கயும் ஓடாது. மொதல்ல கழட்டு" என்றாள்.

கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை மெதுவாக வெளியே எடுத்தாள். தட்டையாக இருக்க வேண்டியது வயிறு உப்பிப்போயிருந்தது. அழுத்தாமல், அசைக்காமல் ஏந்திக்கொண்டு போய் வெளியே மணல் வாளியில் வைத்தாள். திரும்பி வந்து அவன் பனியனைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால், விலாவில் தோல் சிவந்து கிடந்தது.

அதோடு விட்டிருந்தால் வம்பே இல்லை. புது பேட்டரி போட்ட கோட்டு அத்தனையையும் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டாள்.

வெளியே லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மேனேஜர் ஓடி வந்து, "ஒண்ணு கெட்டா எல்லாமேவாம்மா கெட்டுடும்? லோடு போகட்டும், சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார். ஆட்களும் அவள் பக்கம் இல்லை. லோடுக்குத்தானே அவர்களுக்குக் கூலி? கோட்டு இல்லாமல் அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? விலா சிவந்த ஒட்டகமே, "குளிர்ல சாகறதுக்கு நான் சூட்டுலயே சாகறேன், விடுங்கக்கா" என்றான். அவள் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டுமே என் ஷிப்ட்ல வேணாம்" என்றாள், அவ்வளவுதான்.

ஆட்களை மூன்று குழுவாகப் பிரித்தாள். ஒரு குழு சாதாரணக் கம்பளிக் கோட்டோடு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஏற்றும், பிறகு வெளியே வந்து என் அடுப்படியில் உட்காரும், அடுத்த குழு போகும். வேலை நகரவே இல்லை என்று முணுமுணுப்பு. உடனே அவளே ஒரு கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டி தூக்க உள்ளே போனாள். ஒவ்வொரு குழுவோடும் போனாள். கடைசியில் வெளியே வந்தபோது டீ கிளாஸை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துக்கொண்டு குடித்தாள். அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

அன்று மாலை உன்னிடம் போனில் பேசினாள். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, மடித்து வைத்திருந்த துணிகளையே எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது நானாகத்தான் பேச்சை ஆரம்பித்தேன். அது ஏன் அப்படிச் சுடுகிறது என்று கேட்டேன். "பேட்டரிக்குள்ள ஒரு காவல் இருக்கணும் அத்தை. அளவுக்கு மீறிச் சூடானா அதுவே நிறுத்திக்கணும். இதுல அது இல்லைன்னு நினைக்கறேன். நினைச்சா போதாது, காட்டணும்" என்றாள்.

மறுநாள் காட்டினாள். கிடங்கின் பின்பக்கம் சிமெண்டுத் தரையில் இரண்டு கோட்டு, ஒன்றில் பழைய பேட்டரி, ஒன்றில் உப்பாத புதிய பேட்டரி. சூடு வெளியே போகாதபடி இரண்டையும் இறுக்கி மடித்து, முழுச் சூட்டில் வைத்தாள். ஆட்களும் நானும் சுவரோரம் தள்ளி நின்றோம். கோட்டைச் சுருட்டி முதுகுக்கு வைத்துச் சாய்ந்தால் இப்படித்தான் சூடு உள்ளேயே அடையும் என்று அவள் சொன்னதும், நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் பழைய பேட்டரியின் சிறு விளக்கு தானாக அணைந்தது. புதியதன் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. துணி கருகும் வாசனை வந்தது. அவள் பேட்டரி ஒயரில் முன்பே ஒரு நீளக் கயிறு கட்டியிருந்தாள். தூரத்தில் நின்றபடியே சுண்டி இழுத்தாள், இணைப்பு பிடுங்கிக்கொண்டது. கோட்டைப் பிரித்துப் பார்த்தபோது உள்துணியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது.

மேனேஜர் தன் கோட்டில் இருந்த பேட்டரியைக் கழற்றி அவளிடம் கொடுத்து, "இதையும் சேத்துக்கம்மா" என்றார். பிறகு அவரே முதலாளியிடம் பேசி, நல்ல பேட்டரி வந்து சேரும்வரை ஆட்களுக்கு லோடுக் கணக்கு இல்லாமல் நாள் கூலி வாங்கிக் கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

இப்போது கம்பெனி பேட்டரி வந்துவிட்டது. குளிரறையிலிருந்து வந்த கையோடு சார்ஜில் போடக் கூடாது, சில்லிப்புப் போக வேண்டும். அதற்கென்று இருக்கும் சார்ஜரைத் தவிர வேறெதிலும் சொருகக் கூடாது. இதெல்லாம் அவள் சட்டம். மீறினால் ஒட்டகமே சண்டைக்குப் போகிறான். இத்தனை வருஷம் நான் டீக்கார அம்மா. இப்போது புதிதாக வருகிற லாரி டிரைவர்களிடம்கூட, "சூப்பர்வைசரோட மாமியார்" என்று என்னைக் காட்டுகிறார்கள். நான் ஒன்றும் தெரியாதவள்போல டீ ஆற்றுகிறேன். உள்ளுக்குள் எனக்குத் தலை கால் புரியவில்லை.

முதலாளியின் மற்ற இரண்டு கிடங்குகளுக்கும் சேர்த்து, ஆட்களின் பாதுகாப்பைப் பார்க்கும் பொறுப்பை அவளை ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறாள். என்ன யோசனை என்று கேட்டால் சிரிக்கிறாள். யாருடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

நீ அங்கே பனியில் வேலைக்குப் போகும்போது இதே மாதிரி கோட்டுதான் போடுகிறாய் என்று போன முறை சொன்னாய். அதன் பேட்டரி எங்கே வாங்கியது, உப்பியிருக்கிறதா, படுக்கையில் வைத்து சார்ஜ் போடுகிறாயா என்றெல்லாம் நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னென்ன பார்க்க வேண்டும் என்று நானே எழுதலாம், ஆனால் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவேன். அவளைக் கூப்பிட்டுக் கேள். அவள் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். மாலையில் வீட்டில்தான் இருப்பாள். அந்த நேரம் நான் கடைக்குப் போய்விடுகிறேன்.

இருவரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டும்,

உன் அம்மா.