குழல் முனையில் ஒரு பொட்டு

சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
24-10-66

வீட்டுக்காரரின் பாதங்களுக்கு நீலாம்பாள் வணங்கி எழுதுவது. காமாட்சி கருணையால் நானும் வள்ளியும் நலம். நீங்கள் ஆசனூர் மலை ஏறிச் சேர்ந்த செய்தி வந்தால்தான் அந்த நலம் முழுசாகும்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "புதுத் துப்பாக்கி எப்படி இருக்குது நீலா?" என்று கேட்டீர்கள். ரசம் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ரசமே இல்லை. வாயில் வராததை எழுதுகிறேன்.

அது அழகாக இருக்கிறது. எனக்குக் கோபமே அதில்தான். கொல்கிற சாமானுக்கு இவ்வளவு அழகு எதற்கு? குழலைச் சாய்த்துப் பார்த்தால் மயில்கழுத்து நிறம், நேரே பார்த்தால் கருப்பு. நம் தறியில் அந்த நிறம் வர எத்தனை பாடு!

தோட்டா இல்லை என்று நீங்கள் திறந்து காட்டின தைரியத்தில், நீங்கள் குளிக்கப் போனபோது பட்டு நிறுக்கும் தராசில் வைத்தேன். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வள்ளி ஒரு மாதக் குழந்தையாக இருந்த எடை. மடியில் எடுத்ததும் கால் தானாக ஆட்டப் பார்த்தது. சட்டென்று கீழே வைத்துவிட்டேன்.

நீங்கள் போல்ட் என்கிறீர்களே, அந்தத் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்துத் தள்ளிக் காட்டினீர்கள். எண்ணெய் போட்ட கதவு மாதிரி போய்வந்தது. பழைய துப்பாக்கியின் தாழ்ப்பாள் சிக்கியதால்தானே போன வருஷம் அந்த ஆனைக்கு உங்களோடு வந்த ஃபாரஸ்ட் கார்டு முனிசாமி பலியானார், உங்கள் காலும் முறிந்தது. வேலையை விடுங்கள், இல்லாவிட்டால் நானும் குழந்தையும் மலைக்கு வரமாட்டோம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். நீங்கள் விடவில்லை, நானும் வரவில்லை. இப்போது புதுசைக் காட்டி, "தை மாசம் வர்றியா?" என்கிறீர்கள்.

எதிர்வீட்டு ரேணுகாம்பாள் அந்த நீளப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாடி நீலா, உங்க ஊட்டுக்காரரு காட்டுல நாயனம் வாசிக்கிறாரா?" என்றாள். "ஆமாண்டி, ஒரே சுரம்தான். கேட்டவங்க எழுந்து போனதில்லே" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, உள்ளே வந்து திருநீறு இட்டுக்கொண்டேன்.

உங்கள் அண்ணன் ஆயுத பூஜையில் அதைத் தறி நாடாவோடு வைக்கச் சொன்னார். கட்டைக்கு, தாழ்ப்பாளுக்கு, குழல் முனையில் நிற்கும் சின்ன மூக்குக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். அந்தச் சந்தனத்தைக் கணக்கில் பூஜைச் செலவில் எழுதுவதா, உங்கள் உத்தியோகச் செலவில் எழுதுவதா என்று யோசித்துப் பூஜையிலேயே எழுதினேன்.

தை மாதம் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன். அந்த ஆனை இன்னும் அங்கேதானே இருக்கிறது.

தங்கள்
நீலாம்பாள்

*

ஆசனூர்
4-11-66

அன்புள்ள நீலா,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ரசம் பொங்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். வாசனையே வரவில்லையே!

துப்பாக்கியைச் சரிவில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். முதல் தோட்டாவிலேயே தோளில் ஓர் உதை. இரண்டு நாளாகக் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கிறது. ஆனால் குறி பிசகவில்லை. நூறு கஜத்தில் சுட்ட மூன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. தாழ்ப்பாள் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. உன்னால் எனக்கும் அந்தப் பெயரே வாயில் வருகிறது. என்னோடு காட்டுக்கு வரும் ஜடையன்கூட, "சாமி, தாப்பா நல்லாருக்குது" என்கிறான். மேடு ஏறும்போது கனம் தெரிகிறது. அது ஒன்றுதான் குறை.

உன் சந்தனம் தாழ்ப்பாள் இடுக்கெல்லாம் காய்ந்து ஒட்டி, துடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. துப்பாக்கியைக் கல்யாணப் பெண்ணாக்கி அனுப்பியவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். குறி பார்க்கும் மூக்கின்மேல் வைத்ததை மட்டும் துடைக்கவில்லை. நீ கையால் வைத்தது ஒன்றாவது என்னோடு இருக்கட்டும்.

யானை போன வாரம் ஒரு குடிசையைப் பிரித்துப் போட்டது. உள்ளே இருந்தவர்கள் தப்பியதே அதிசயம். சுடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. என் பெயருக்குத்தான். மறைக்க மனமில்லை.

வள்ளிக்கு முத்தம்.

பஞ்சாட்சரம்

*

சிவமயம்

காஞ்சிபுரம்
14-11-66

வீட்டுக்காரருக்கு நீலாம்பாள் வணக்கம்.

தீபாவளிக்கு நீங்கள் இல்லை. எண்ணெய் வைக்கும்போது வள்ளி, "அப்பா தோளு இன்னும் கத்திரிக்கா கலரா இருக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கழிவுப் பட்டு நூலை அடைத்துக் கையகல மெத்தை ஒன்று தைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சட்டைக்குள் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

நம் தெருவுக்கே பிள்ளையார் பெயர். தினம் ஆனைமுகத்தைக் கும்பிட்டுவிட்டு, ஓர் ஆனை சாகட்டும் என்று எப்படிக் கேட்பேன்? கேட்காமலும் எப்படி இருப்பேன்? முனிசாமி பெண்சாதி ஜெயம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த கோலம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பொட்டு வைத்தபோது நான் வேண்டிக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். "பிள்ளையாரப்பா, இது வெடிக்க வேண்டிய வேளையே வராமல் பார்த்துக்கொள்" என்றேன். உத்தரவு வந்த பிறகும் வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

கடமையை விடச் சொல்லவில்லை. ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தாயிற்று. திரும்பி வந்ததும் ஒரு வரி எழுதுங்கள். அதுவரை ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

நீலாம்பாள்

*

ஆசனூர்
3-12-66

அன்புள்ள நீலா,

முதலில் சாப்பிடு. நான் நன்றாக இருக்கிறேன். ஜடையனும் நன்றாக இருக்கிறான்.

நேற்றுச் சாயங்காலம் மூங்கில் காட்டுக்குள் தடம் பார்த்துப் போனோம். வெளியே வெயில் இருந்தது, உள்ளே இருட்டு முந்திக்கொண்டது. திரும்பிவிடலாம் என்று நினைக்கையில் ஜடையன் என் முழங்கையைத் தொட்டான். "சாமி, அது நம்மளத்தான் பாக்குது" என்றான். சொல்லி முடிக்கும்முன் வந்துவிட்டது. பிளிறவில்லை, காதை விரிக்கவில்லை. நேராக வந்தது. என் கால் உனக்குத் தெரியும், ஓட முடியாது.

துப்பாக்கியைத் தூக்கினேன். குழல் கருப்பு, மூக்கு கருப்பு, யானை கருப்பு. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்த இருட்டில் கடுகளவு வெளுப்பு ஒன்று தெரிந்தது. உன் சந்தனம், நீலா. அந்தப் பொட்டைக் கொண்டுபோய் அதன் நெற்றியில் வைத்தேன். விசையை அழுத்தினேன்.

என் முன்னால் பத்தடியில் விழுந்தது. தாழ்ப்பாளை இழுத்து இரண்டாவது தோட்டாவை ஏற்றினேன். தேவைப்படவில்லை. பட்டு மெத்தையால் தோள் பிழைத்தது.

முன்னங்கால் மூட்டில் யாரோ எப்போதோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்ட ரவை. உள்ளே எல்லாம் சீழ். எத்தனை மாதம் அந்த வலியோடு நடந்ததோ! ஜடையன் காட்டுப் பூ பறித்து நெற்றியில் வைத்தான். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றேன்.

நீ வேண்டிக்கொண்டது நடக்கவில்லை. அதை நடக்கவிடாமல் செய்ததும் நீ வைத்த பொட்டுத்தான். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். உன்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. இனித் தை மாதம் பற்றி நான் கேட்கமாட்டேன்.

பஞ்சாட்சரம்

*

சிவமயம்

காஞ்சிபுரம்
9-12-66, வெள்ளிக்கிழமை

என்னைவிட்டுப் போகாமல் இருந்தவருக்கு நீலாம்பாள் கோடி வணக்கம்.

கடிதத்தை அடுப்பங்கரையில் நின்றபடி படித்தேன். அழுதேன். யாருக்காக என்றால், இரண்டு பேருக்காகவும். பிறகு உங்கள் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் தறியை நிறுத்திவிட்டு, "அம்மா நீலா, போய்ச் சாப்பிடும்மா" என்றார். சாப்பிட்டேன்.

சாயங்காலம் தேங்காயும் வெல்லமும் எடுத்துக்கொண்டு வள்ளியோடு சின்ன காஞ்சிபுரம் போனேன். வரதராஜர் கோயில் ஆனைக்குக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். அது வெல்லத்தைத் தின்றுவிட்டுத் தும்பிக்கையை என் தலையில் வைத்தது. ஈரமாக, வைக்கோல் வாசனையாக இருந்தது. வெகுநேரம் எடுக்கவில்லை. பாகன்தான், "போதும் வாடா" என்று இழுத்தான். திரும்பி வரும்போது ரேணுகாம்பாள் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, பெருமாள் கட்சிக்குப் போயிட்டியா?" என்றாள். "ஆனைக்கு ஏதுடி கட்சி?" என்றேன்.

நான் கேட்டதைப் பிள்ளையார் கொடுக்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாததைக் கொடுத்திருக்கிறார். உங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அந்தப் பிராணியின் வலியையும் தீர்த்திருக்கிறார். இதற்குமேல் அவரோடு வழக்காட எனக்கு வாயில்லை. துப்பாக்கியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று கோபித்தேன், அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று.

நீங்கள் கேட்கமாட்டேன் என்றீர்கள். கேட்காவிட்டால் போகிறது. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் நானும் வள்ளியும் வருகிறோம். உங்கள் அண்ணன் கொண்டுவந்து விடுவார். வீட்டைக் கூட்டி வையுங்கள். விறகு காய்ந்ததாக இருக்கட்டும்.

அம்மியும் குழவியும் அங்கே இருக்கும். சந்தனக்கல் மட்டும் நான் கொண்டுவருகிறேன். அந்த மூக்கில் பொட்டு இதற்குள் தேய்ந்திருக்கும். நான் வருகிறவரை நீங்கள் வைக்க வேண்டாம், கோணலாக வைப்பீர்கள்.

தங்கள்
நீலாம்பாள்