சொல்லை விட்டுவிட்டு வாசித்த பாட்டு

நண்பருக்கு,

கட்டடத்தில் சொபாஜ் போட்டுவிட்டார்கள், குளிருக்குச் சூடு வந்துவிட்டது. சமையலறை யன்னலில் தொங்கும் உங்கள் மிளகாய்ச் சரம் அந்தச் சூட்டில் மெல்ல மணக்கத் தொடங்கியிருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதப்போவது இவை:

1. இந்த மிளகாய்ச் சரம்.
2. உங்கள் ஊரில் யார் யார் இருந்தார்கள் என்பது, நீங்கள் சொன்ன அளவில்.
3. அந்தப் பாட்டின் சொற்களை நீங்கள் ஒருநாளும் பாடாதது; அதற்குக் காரணம் பயம் என்பது.
4. நாளை உங்கள் ஆட்டைத் திவசத்தில், வருடம் திரும்பும் நாளில், எலேனிக்கு நான் என்ன பதில் சொல்வது.
5. எனக்கு ஏன் இன்னும் அழுகை வரவில்லை. (இதை எழுத முடியுமோ தெரியாது.)

இந்த இலக்கங்களைப் பார்த்தால் சிரித்திருப்பீர்கள். "என்ன புரொஃபெசர், தும்முறதுக்கும் முன்னுரை எழுதுவியள் போலை" என்று ஒருமுறை சொன்னீர்கள். நாம் பேசியது பிரெஞ்சில், இருவருக்குமே இரவலான பிரெஞ்சில். ஆனால் நினைவில் உங்கள் குரல் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் வருகிறது. அப்படியே எழுதுகிறேன். பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரத்தை எனக்குத் தந்தது உங்கள் மகள் எலேனி. மேல்மாடியில் உங்கள் வீட்டை ஒழித்துக்கொடுத்த நாளில் கொண்டுவந்து நீட்டினாள். "எறியவும் மனமில்லை, சமைக்கவும் தெரியாது" என்றாள். ஒவ்வொரு மிளகாயும் உள்ளங்கை நீளம், நல்ல அகலம், கடுஞ்சிவப்பு, உறைப்பு மட்டும் இல்லை. இலையுதிர் காலத்தில் உங்கள் தங்கை ஊரிலிருந்து அனுப்புவார். ஒரு வருடம் அது வந்துசேரவில்லை. நீங்கள் என்னோடு பாரிஸின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் ஆள் யோகனின் பலசரக்குக் கடைக்கு வந்து, செத்தல் மிளகாய்ப் பை ஒன்றைத் தூக்கி, "இது இனிக்குமோ?" என்று கேட்டீர்கள். நான் மொழிபெயர்த்தேன்.

"இனிக்குமோவாம்!" என்றான் யோகன். "ஐயா, உங்கடை கூட்டாளிக்கு வடிவாச் சொல்லுங்கோ. இது இரண்டு தரம் உறைக்கும். உள்ளை போகேக்கை ஒருக்கா, வெளியிலை போகேக்கை ஒருக்கா."

முதல் பாதியை மட்டும் சொன்னேன். மற்றப் பாதியை யோகனின் முகத்திலிருந்தே விளங்கிக்கொண்டு நீங்கள் கடை அதிரச் சிரித்தீர்கள். பையையும் வாங்கினீர்கள். அடுத்த நாள் உங்கள் மனைவி படியில் என்னைக் கண்டு, ஒன்றும் பேசாமல் நாக்கை நீட்டி விசிறிக் காட்டிவிட்டுப் போனார்.

இனி இரண்டாவது. பத்தாம் வட்டாரத்தில் மென்மயிர்த் தோல் தைக்கும் பட்டறையில்தான் உங்களைச் சந்தித்தேன். நான் தோல்களை நனைத்துப் பலகையில் இழுத்து ஆணியடிப்பேன். நீங்கள் மெசினில் துண்டுகளைப் பொருத்தித் தைப்பீர்கள். நான் பட்டதாரி என்று யாரோ சொன்னதிலிருந்து புரொஃபெசர் ஆனேன். தைக்கும்போது மூக்கால் ஒரு மெட்டு இழுப்பீர்கள். வாய் திறக்காது. எந்நாளும் அதே மெட்டு. அதற்குச் சொல் உண்டா என்று கேட்க நினைத்து, நினைத்து, சில வருடங்கள் போய்விட்டன. உங்களுக்குத் தெரியும், நான் ஒன்றைக் கேட்க எவ்வளவு காலம் எடுப்பேன் என்று.

"சொல்லு இருக்கு," என்றீர்கள். "வாசிப்பம். பாடமாட்டம்."

பிறகுதான் ஊரைச் சொன்னீர்கள். கிரேக்க நாட்டின் வடமேற்கு மூலை, கஸ்தோரியாவுக்கு மேலே, மலையைத் தாண்டினால் அல்பேனியா. ஊருக்கு இரண்டு பெயர்: ஒன்று அரசு வைத்தது, மற்றது கிழவர்கள் சொல்வது. மேல்தெருவில் உங்கள் ஆட்கள். அவர்களுடைய பேச்சு கிரேக்கம் அல்ல, எல்லைக்கு வடக்கே உள்ள சிலாவியர்களின் பேச்சுக்கு உறவானது. அதற்கு நீங்கள் ஒரு பெயரும் சொன்னதில்லை. "எங்கடை" என்று மட்டும் சொல்வீர்கள். கீழ்த்தெருவில், துருக்கியரை நாட்டைவிட்டு அனுப்பியபின் காலியான வீடுகளில், கருங்கடல் கரையிலிருந்து துரத்தப்பட்டு வந்த கிரேக்கர்கள். அவர்களுடைய பேச்சு உங்களுக்கும் விளங்காது, பள்ளிக்கூட வாத்தியாருக்கும் விளங்காது. கோடையில் ஆட்டுமந்தையோடு வரும் விலாக் மக்களுக்கு இன்னொரு பேச்சு. எல்லோருக்கும் ஒரே கிறிஸ்தவக் கோயில். பிறகு உள்நாட்டுப் போர். மேல்தெருவின் பாதி மலையைத் தாண்டிப் போனது, திரும்பவில்லை.

நான் ஒரு காகிதத்தில் இரண்டு தெருக்களையும் கோயிலையும் கீறிக் காட்டினேன். கோயிலை இடம் மாற்றி வைத்துவிட்டேன் என்றீர்கள். திருத்திக் கீறினேன். அதுவும் சரியில்லை, ஆனால் பரவாயில்லை என்றீர்கள்.

மூன்றாவது. கோயில் திருநாளில் ஊர்ச் சதுக்கத்தில் பித்தளை வாத்தியக்காரர் வாசிப்பார்கள். கிளாரினெட், திரம்பெட், பெரிய மேளம். எல்லோரும் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். மெட்டுகள் மேல்தெருவின் பழைய பாட்டுகள். சொற்களுக்கு அரசின் தடை. பாதிரியாருக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர் உட்கார்ந்து கவனிக்க ஒரு கதிரை போட்டிருக்கும். உங்கள் சித்தப்பா ஒருமுறை குடிவெறியில் ஒரு வரியை வாய்விட்டுப் பாடினார். கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபின் அவர் வீட்டுக்குள்ளும் அந்த மொழி பேசவில்லை. அதனால் வாத்தியம் வாசிக்கும், சனம் வாயை மூடிக்கொண்டு ஆடும்.

இங்கே லா சப்பலில் எங்கள் ஆட்கள் நடத்தும் தேர்த் திருவிழாவுக்கு உங்களைக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? நாதஸ்வரக்காரர் நம் முன்னால் நின்று வாசித்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சொற்களை முணுமுணுத்தார்.

"அப்ப இதுக்குச் சொல்லு இருக்கு," என்றீர்கள். "ஆர் தடுத்தது?"

"ஒருத்தரும் இல்லை. குழலாலை கதைக்க ஏலாது."

"குடுத்துவச்ச சனம். உங்களுக்குக் குழல்தான் பொலிஸ்."

அன்று திரும்பும் வழியில்தான் என்னைப் பற்றிச் சொன்னேன். ஊரில் போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றுக்கு மூன்று பதில் தயாராக வைத்திருந்ததையும், மெத்ரோவில் இன்றும் தொலைபேசியில் தமிழ் பேசும்போது குரல் தானாக இறங்குவதையும் சொன்னேன். "நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதிரித்தான். பயந்த ஆக்கள்," என்றேன். நீங்கள் நடப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். பிறகு "ஓம்" என்றீர்கள், தமிழில். ஆம் என்பதற்கு யோகனிடம் பழகிய சொல்.

அந்த ஓம் எனக்குப் பெரிய ஆறுதல். இத்தனை வருடத்தில் என்னைப்போல் ஒருவரைக் கண்டேன் என்று நினைத்தேன். உங்கள் மனைவியோடும் நீங்கள் பள்ளிக்கூடக் கிரேக்கம்தான் பேசினீர்கள். அவர் கீழ்த்தெருப் பெண் என்று தெரிந்தும், அதையும் பயத்தின் கணக்கிலேயே வைத்தேன். நீங்கள் மெட்டு இழுக்க, அவர் விரல்முட்டியால் மேசையில் தாளம் தட்டுவார். ஒரு சொல்லும் வராத வீடு என்று நினைத்துக்கொள்வேன்.

நான்காவது. ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. "திவசத்துக்குக் கிளாரினெட் வாசிக்கச் சொல்லுங்கோ. சொல்லு வேண்டாம்." இதை எலேனியிடம் சொன்னேன். அவள் உங்கள் தங்கையைச் சொற்களோடு பாடவைக்க நினைத்திருக்கிறாள். நேற்று என்னை நேராகக் கேட்டாள்: "அவர் மனதார வேண்டாம் என்றாரென்றால் விட்டுவிடுகிறேன். பயத்தில் சொன்னாரென்றால், அந்தப் பயத்தை அவரோடு சேர்த்துப் புதைக்க நான் தயாரில்லை. நீங்கள்தான் அவரை அறிந்தவர். எது?"

திவசத்தன்று சொல்கிறேன் என்றேன். மூன்றாவதை ஒழுங்காக எழுதிப் பார்த்தால் விடை தெரியும் என்று நினைத்துத்தான் இந்த மடலைத் தொடங்கினேன். எழுதிவிட்டேன். பயம் என்றுதான் வருகிறது. உங்கள் சொல்லைக் காப்பாற்றுவதா, உங்களை அந்தப் பொலிஸ் கதிரையிலிருந்து விடுவிப்பதா? இங்கே நிறுத்துகிறேன்.

திவசம் முடிந்துவிட்டது. தொடர்கிறேன்.

கோயில் முடிந்து, எலேனி வாடகைக்கு எடுத்த சிறிய மண்டபத்தில் கூடினோம். அவித்த கோதுமையில் சீனியும் மாதுளை முத்தும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் படையல்போல் இருந்தது. உங்கள் தங்கை கறுப்புச் சட்டையோடு முன்கதிரையில் இருந்தார். உங்களுக்கு முன்பே போய்விட்ட உங்கள் மனைவியின் ஆட்களும் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். எலேனி என்னிடம் வந்தாள். கையில் கோதுமைத் தட்டோடு நின்று, "பயம் என்றுதான் நினைக்கிறேன்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

கிளாரினெட் தொடங்கியது. எலேனி உங்கள் தங்கையின் பக்கத்தில் குனிந்தாள்.

"மாமி, பாடுங்கோ."

"பாடமாட்டன்."

"இஞ்சை ஆருக்குப் பயம்? இது பாரிஸ்."

"பயமோ? ஆர் சொன்னது?"

எலேனி என் பக்கம் திரும்பினாள். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உந்த மனிசனோ? நல்ல ஆளைப் பிடிச்சாய் விசாரிக்க." கிளாரினெட்காரரைக் கையால் நிறுத்திவிட்டுச் சொன்னார். எலேனி அதுவரை பேசியதையும் சேர்த்து எனக்காக வசனம் வசனமாகப் பிரெஞ்சில் சொன்னாள். பாதியில் அவள் குரல் மாறியது.

"பொலிசின்ரை கதிரையை எடுத்த பிறகு வந்த திருநாள். நீ சின்னப்பிள்ளை, நித்திரை. பெடியள் முதல்தரமாச் சொல்லோடை பாடினாங்கள். நானும் பாடினன், அழுது அழுது. கீழ்த்தெருச் சனம் ஒவ்வொருத்தராக் கையை விட்டிட்டுப் போய் இருந்திட்டுது. உன்னைப் பெத்த கொம்மாவும்தான். அவளுக்கு உந்தச் சொல்லு ஒண்டும் தெரியாது. கொப்பர் அவளைக் கண்டதே அந்த வட்டத்திலைதான். சொல்லு இல்லாதபடியால்தான் இரண்டு தெருவும் ஒண்டா ஆடினது. கொப்பர் ஆட்டத்தை விட்டிட்டுப் போய், பாடின பெடியன்ரை தோளிலை கையை வச்சு, 'வாசி, பாடாதை. நீ பாடினா என்ரை மனிசி எங்கை நிக்கிறது?' எண்டார். எங்கடை ஆக்கள் துரோகி எண்டு காறித் துப்பினாங்கள். கோழை எண்டாங்கள். நானும் சொன்னனான். மனிசன் திருப்பி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. போய்க் கொம்மாவைக் கையிலை பிடிச்சுக் கொண்டுவந்து வட்டத்துக்கை விட்டவர்."

பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். எலேனி கிளாரினெட்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் முதலிலிருந்து வாசித்தார். சொல் இல்லாமல். உங்கள் தங்கை விரல்முட்டியால் மேசையில் தட்டினார். பின்வரிசையும் தட்டியது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துரோகி என்ற சொல் எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நான் இங்கே எங்கள் ஆட்களின் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. நீங்கள் அதைச் சதுக்கத்தின் நடுவில், உங்கள் சொந்தத் தங்கையின் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

வெளியில் வந்து யோகனின் கடையைத் தாண்டும்போது அவன் கூப்பிட்டான்: "ஐயா, திவசம் முடிஞ்சுதோ? ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." குடித்தேன். சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. ஐந்தாவதற்கு எழுத இன்னும் ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். சரம் மணந்துகொண்டிருந்தது. அந்த மெட்டை நானும் மூக்கால் இழுத்துப் பார்த்தேன். முழுவதும் வந்தது, எப்போது மனப்பாடமானதென்று தெரியாது. உங்களிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும் அந்த ஓமும்தான். நான் நம் இருவரையும் பயந்தவர்கள் என்றபோது நீங்கள் மறுத்திருக்கலாம். என்னைப் பார்த்தீர்கள், நான் தனியாக நிற்கக்கூடாது என்று ஓம் போட்டீர்கள்.

மூன்றாவதாக எழுதியது பிழை. நீங்கள் பயந்தவர் அல்ல. அது நான் மட்டும்.